எஃபெக்ட் கற்றது வீணா? ஏஎம்வி செய்யும் ஒரு தம்பிக்கு விரிவான பதில்

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் காட்சிகளை ஒரு பாட்டுக்கு ஏற்ப வெட்டிக் கோர்க்கும் ஏஎம்வி, அதாவது அனிமே மியூசிக் வீடியோ, ஒன்றை அவர் மூன்று வாரம் உட்கார்ந்து ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருளில் செய்தார், திரையை உலுக்கும் ஷேக், ஒளிர வைக்கும் க்ளோ, அசைவை வழுவழுப்பாக்கும் ட்விக்ஸ்டர், முப்பரிமாண கேமரா என்று தமக்குத் தெரிந்த வித்தை அத்தனையையும் அதில் இறக்கியிருந்தார், பார்த்தவர்கள் ‘வெறித்தனம்’ என்றார்கள், ஒரு வாரத்தில் மறந்தும் போனார்கள். அவருடைய மாமா மகனோ ஆஃப்டர் எஃபெக்ட்ஸைத் திறந்துகூடப் பார்க்காதவர். அவர் ஒரே இரவில், ஃபோனிலேயே, வெறும் கட் வைத்துச் செய்த இரண்டரை நிமிட வீடியோவை ஓராண்டு கழித்தும் தெருவில் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். ‘அப்படியென்றால் எஃபெக்ட் கற்றதெல்லாம் வீண்தானா, கான்செப்ட் ஒன்று இருந்தால் போதுமா?’ என்று கேட்கிறார். இரண்டு வீடியோக்களையும் அனுப்பியிருந்தார். பலமுறை பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

வீண் இல்லை. ஆனால் நீங்கள் கற்றதைச் செலவழித்த இடம் தவறு என்று நினைக்கிறேன். அதை விளக்க, முதலில் என் தொழிலிலிருந்து தொடங்குகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சிறிய ஸ்டுடியோவில் பல ஆண்டுகள் கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்தவன் நான். மணமக்கள் இதய வடிவத்துக்குள் சுழல்வதும், ரோஜா இதழ் விரிந்து அதற்குள்ளிருந்து மணப்பெண்ணின் முகம் எழுவதும், புத்தகத்தின் பக்கம் புரள்வதுபோல் முகூர்த்தத்திலிருந்து பந்திக்குப் போவதும் அன்றைக்கு எங்கள் பெருமை; வாடிக்கையாளரே ‘பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் வந்த அந்த மயில் எஃபெக்ட் வேண்டும்’ என்று கேட்டு வாங்குவார். அதே வீடியோக்களைப் பென் டிரைவில் ஏற்றித் தரச் சொல்லி இன்று கொண்டுவருகிறவர்கள், இதயம் சுழலும்போது சிரிக்கிறார்கள், பிள்ளைகளிடம் ‘இதைத் தள்ளிவிடு’ என்கிறார்கள். தாலி கட்டும் நேரத்தில் கூட்டத்தின் ஓரத்தில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் பாட்டியின் மூன்று நொடிக் காட்சியில் மட்டும் வீடியோவை நிறுத்தி வைக்கிறார்கள். அந்த மூன்று நொடியில் நான் எதுவும் செய்யவில்லை. வெட்டாமல் விட்டதுதான் நான் செய்த வேலை.

ஏஎம்வியின் கதையும் ஏறக்குறைய அங்கேதான் தொடங்குகிறது. 1982இல் ஜிம் கபோஸ்டாஸ் என்ற 21 வயது அமெரிக்க ரசிகர் இரண்டு விசிஆர்களை வயரால் இணைத்து, ‘ஸ்டார் ப்ளேஸர்ஸ்’ என்ற விண்வெளி அனிமே தொடரில் வரும் மிகக் கொடூரமான சண்டைக் காட்சிகளை பீட்டில்ஸ் குழு பாடிய ‘ஆல் யூ நீட் இஸ் லவ்’ பாட்டின்மேல் வைத்தார். முதல் ஏஎம்வி என்று பொதுவாக அறியப்படுவது இதுதான். அந்தக் கருவிகளில் எஃபெக்ட் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை; ஒன்றில் ப்ளே, இன்னொன்றில் ரெக்கார்ட், இரண்டு பொத்தானையும் சரியான நேரத்தில் அழுத்துவது மட்டுமே கலை. ஆனாலும் அன்பு ஒன்றே போதும் என்று பாட்டு சொல்லிக்கொண்டிருக்கும்போது திரையில் விண்கப்பல்கள் வெடித்துச் சிதறுகின்றன என்ற செய்தியை நாற்பது ஆண்டுக்குப் பிறகு நான் ஒரே வரியில் எழுத, வீடியோவைப் பார்க்காமலே நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் முதல் வீடியோவை அப்படி ஒரே வரியில் சொல்லிப் பாருங்கள். ‘சண்டைக் காட்சிகளை வேகமான பாட்டுக்குப் போட்டிருக்கிறேன்’ என்பதற்கு மேல் வரவில்லை, இல்லையா?

கான்செப்ட் என்ற சொல்லைப் பலரும் ‘கதை’ என்று புரிந்துகொள்கிறார்கள்; தலையும் வாலும் வைத்த ஒரு குட்டிக் கதையைச் சொல்லிவிட்டால் கான்செப்ட் வந்துவிட்டதாக எண்ணுகிறார்கள். பாட்டிலும் இல்லாத, படத்திலும் இல்லாத, இரண்டும் சேரும்போது மட்டுமே பிறக்கிற மூன்றாவது பொருள் ஒன்றைத்தான் நான் கான்செப்ட் என்கிறேன். ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் ஒரு நடிகரின் அசைவற்ற முகத்தை எடுத்துக்கொண்டு, அதையடுத்து ஒருமுறை சூப் கிண்ணத்தையும், ஒருமுறை சவப்பெட்டியையும், ஒருமுறை ஒரு பெண்ணையும் வைத்துக் காட்ட, பார்த்தவர்கள் அதே முகத்தில் பசி, துக்கம், ஆசை என்று மூன்றையும் கண்டதாகச் சொல்வார்கள். முகம் மாறவில்லை, பக்கத்தில் வைத்தது மாறியது. ஏஎம்வியில் ஒரே ஒரு வேறுபாடு உண்டு: இங்கே பக்கத்தில் வைப்பது இன்னொரு படத்தை மட்டுமில்லை, ஒரு பாட்டையும்.

1990களின் இறுதியில் வந்து, பார்த்த ரசிகர்களையெல்லாம் நிமிர வைத்த ஒரு வீடியோ, ‘எவாஞ்சலியன்’ தொடரையும் ராம்ஷ்டைன் என்ற ஜெர்மானிய ராக் குழுவின் ‘எங்கெல்’ பாட்டையும் இணைத்தது. அதன் சிங்க், அதாவது பாட்டோடு காட்சி சேரும் பொருத்தம், மிகத் துல்லியமானது என்று எல்லோரும் புகழ்வார்கள், உண்மைதான். தொண்டையார்பேட்டையில் ஒரு பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்கில் காத்திருந்து அதை இறக்கிப் பார்த்த நாளில் நானும் அந்தத் துல்லியத்தில்தான் மயங்கினேன். பல ஆண்டு கழித்துத்தான் இன்னொன்று உறைத்தது. ‘எங்கெல்’ என்ற ஜெர்மானியச் சொல்லின் பொருள் ஏஞ்சல். பாட்டோ ஏஞ்சலாக இருக்க விரும்பாத ஒருவனின் பாட்டு. எவாஞ்சலியனில் மனிதர்களைத் தாக்க வரும் பேருருவங்களுக்கும் ஆங்கிலத்தில் ஏஞ்சல் என்றே பெயர், அவற்றோடு போரிட ராட்சத இயந்திரங்களுக்குள் விருப்பமில்லாமல் உட்கார வைக்கப்படுகிறவர்கள் பதினான்கு வயதுப் பிள்ளைகள். பாட்டும் படமும் ஒரே சொல்லில் வந்து முட்டுகின்றன. அந்த முட்டல் இல்லாமல் அதே துல்லியத்தோடு வேறொரு பாட்டுக்கு வெட்டியிருந்தால், அதை இன்று நான் நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாட்டில் ‘மழை’ என்று வந்தால் மழையும், ‘கண்’ என்று வந்தால் கண்ணும் காட்டுவது கான்செப்ட் ஆகாது, அது பொழிப்புரை. நம்மவர்களுக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. தொல்காப்பியம் உள்ளுறை உவமம் என்று ஒன்றைச் சொல்கிறது: குளத்தையும் மீனையும் தாமரையையும் மேய்கிற எருமையையும் பற்றித்தான் பாட்டு பேசிக்கொண்டிருக்கும், ஆனால் கேட்கிறவருக்கு ஒரு வீட்டில் நடக்கிற ஊடல் தெரிந்துவிடும். இது அதற்கு உவமை என்று புலவர் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் கேட்பவர் உள்ளே நுழைகிறார். எல்லாவற்றையும் காட்டிவிட்ட வீடியோவில் பார்ப்பவருக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை, அதனால் இரண்டாம் முறை வருவதற்கும் காரணம் இல்லை.

உங்கள் கேள்வியே தமிழுக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தண்டியலங்காரம் அணிகளைப் பொருளணி என்றும் சொல்லணி என்றும் பிரித்து இரண்டுக்கும் தனித்தனி இயல் வகுத்திருக்கிறது. சொல்லணியில் சித்திரகவி என்று ஒரு பகுதி உண்டு: எழுத்துகளைப் பின்னிக்கிடக்கும் பாம்பின் உருவத்தில் அடைத்தால் நாகபந்தம், தேரின் உருவத்தில் அடைத்தால் இரதபந்தம், முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வந்தால் மாலைமாற்று. இவற்றைச் செய்வது எவ்வளவு கடினம் என்பது ஒருமுறை முயன்றவருக்குத் தெரியும். அந்த உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனாலும் பாம்புப் படத்தைப் பார்த்து வியந்த யாரும், துக்கம் வந்த இரவில் அந்தப் பாட்டைத் தேடி எடுப்பதில்லை. உங்கள் மூன்று வார வீடியோ ஒரு நல்ல நாகபந்தம், தம்பி.

எஃபெக்ட் ஏன் இவ்வளவு விரைவாகப் பழசாகிறது என்பதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. எஃபெக்ட் மென்பொருளுக்குச் சொந்தம். 2000இல் விண்டோஸ் மில்லேனியத்தோடு மூவி மேக்கர் இலவசமாக வந்தது. அதன்பிறகு வந்த பதிப்புகளில் இருந்த பழைய ஃபிலிம் கீறலும் பக்கம் புரளும் டிரான்சிஷனும் கொஞ்ச காலத்துக்கு எல்லோர் வீடியோவிலும் இருந்தன. பிறகு வேகாஸ் என்ற எடிட்டிங் மென்பொருள் பரவியது, பீட்டுக்குப் பீட்டு திரை விம்மி அடங்கியது. இப்போது அலைட் மோஷன் என்ற ஃபோன் செயலியில் ஒருவர் செய்த ஷேக்கை க்யூஆர் கோடாகவோ இணைப்பாகவோ வாங்கி, அடுத்த நிமிடமே இன்னொருவர் தம் கிளிப்பில் ஒட்டிவிடலாம். முதலில் கண்டுபிடித்தவருக்கு அது உழைப்பு. நூறாவது ஆளுக்கு அது ஒரு தட்டு. பார்க்கிறவருக்கோ இருவரும் ஒன்றாகவே தெரிகிறார்கள். நீங்கள் மூன்று வாரம் போராடிக் கொண்டுவந்த அந்த முப்பரிமாணத் திருப்பத்தை இன்று டெம்ப்ளேட்டாகத் தருகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இதில் ட்விக்ஸ்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வீடியோவில் அதுதான் அதிகம், அதுதான் அதிகக் கேடும் செய்திருக்கிறது. அனிமே நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடினாலும் 24 ஓவியங்கள் வரையப்படுவதில்லை. பெரும்பாலும் ஒரே ஓவியம் இரண்டு அல்லது மூன்று ஃப்ரேம் வரை நிற்கும், அதாவது நொடிக்கு 12 அல்லது 8 ஓவியங்கள். ட்விக்ஸ்டர் அடுத்தடுத்த இரண்டு ஃப்ரேமைப் பார்த்து, எந்தப் புள்ளி எங்கே நகர்ந்தது என்று கணக்கிட்டு, இடையில் இல்லாத ஃப்ரேமை உண்டாக்குகிறது. ஒன்றுபோலவே இருக்கும் இரட்டை ஃப்ரேம்களை முதலில் நீக்காமல் அதைப் போட்டால், நின்று நின்று வழுக்குகிற ஓர் அசைவு வரும்; உங்கள் வீடியோவில் ஓட்டக் காட்சி இரண்டும் அப்படித்தான் இருக்கின்றன. நீக்கிவிட்டுப் போட்டாலும் கை முகத்தைக் கடக்கும் இடத்தில் மூக்கு இழுபடும், பின்னணிச் சுவர் நெளியும். இவையெல்லாம் தொழில்நுட்பக் குறைகள், பொறுமை இருந்தால் பாதியைச் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாத குறை வேறு. ஒரு குத்து விழும்போது ஓங்கிய கைக்கும் தாக்கிய கைக்கும் இடையில் ஓவியர் வேண்டுமென்றே ஒன்றும் வரையாமல் விட்டிருப்பார். அந்த வெற்றிடம்தான் அடியின் கனம். ராயபுரத்தில் குத்துச்சண்டைப் பயிற்சி பார்த்தவர்களுக்குத் தெரியும், நல்ல குத்து கண்ணுக்குத் தெரியாது, பை ஆடும்போதுதான் தெரியும். ஓவியர் விட்ட அந்த வெற்றிடத்தைக் கணினியைக் கொண்டு வழுவழுவென்று நிரப்பிவிட்டீர்கள். அடி கொழகொழத்துப் போயிற்று.

பீட்டுக்குப் பீட்டு வெள்ளையடிக்கும் ஃப்ளாஷைப் பற்றியும் ஒரு சொல். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் அத்தியாயம் ஒன்றில் சிவப்பும் நீலமும் நொடிக்கு ஏறத்தாழ 12 முறை மாறி மாறி மின்ன, 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் பிள்ளைகள். நொடிக்கு மூன்று மின்னலைத் தாண்டக் கூடாது என்பது இன்று ஒளிபரப்பில் பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் வரம்பு. உங்கள் வீடியோவின் உச்சக்கட்டத்தில் நான் எண்ணிப் பார்த்தேன், ஆறு இருக்கிறது. இதற்கும் கலைக்கும் தொடர்பில்லை, ஆனால் இதைத் திருத்திவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

சரி, நிலைத்து நின்ற எஃபெக்ட்டே இல்லையா? இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் வந்த ‘டெயின்டட் டோனட்ஸ்’ என்ற ஏஎம்வி, ‘கௌபாய் பீபாப்’ தொடரின் ஆட்களையும் ‘ட்ரைகன்’ தொடரின் நாயகனையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்தது. இவர்கள் எல்லோரும் ஒரே உலகத்தில் வாழ்கிறார்கள் என்று நாம் நம்ப வேண்டுமானால் வெட்டும் ஒட்டும் வேலையைச் செய்துதான் ஆக வேண்டும். கருத்து கேட்டது, எஃபெக்ட் கொடுத்தது. இன்னும் பின்னால் போனால் 1983இல் ஒசாகாவில் நடந்த அறிவியல் புனைகதை மாநாட்டுக்காக மாணவர்களும் ரசிகர்களும் கையால் வரைந்த ‘டைகான் 4’ தொடக்கப் படம் இருக்கிறது. அது இருக்கும் காட்சிகளை வெட்டி ஒட்டியது இல்லை, முழுக்க வரைந்தது. எனவே ஏஎம்வி என்ற வரையறைக்குள் வராது. ஆனால் ஒரு வேற்றுநாட்டுப் பாட்டின்மேல், தாங்கள் நேசித்த அத்தனைப் பாத்திரங்களையும் ஒரே படத்தில் கொண்டுவந்து குவித்த ரசிகர்களின் வேலை என்ற வகையில் நம் கலைக்கு அது பெரியப்பா முறை. அதைச் செய்தவர்களில் பலர்தான் அடுத்த ஆண்டு கைனாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதே நிறுவனம் 1995இல் எவாஞ்சலியனைத் தந்தது.

அந்த எவாஞ்சலியனில் எனக்குப் பிடித்த ‘எஃபெக்ட்’ எது தெரியுமா? 24ஆம் அத்தியாயத்தில், பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி ஒலிக்க, ஏறத்தாழ ஒரு நிமிடம் படம் அப்படியே அசையாமல் நிற்கிறது. நண்பனைக் கொல்வதா வேண்டாமா என்று ஒரு பையன் முடிவெடுக்கிற ஒரு நிமிடம் அது. ஆயிரம் ஷேக் போட்டாலும் கிடைக்காத நடுக்கம் அந்த அசைவின்மையில் கிடைத்தது. இயக்குநர் ஒசாமு தெசாகியும் அப்படித்தான்: ஓடிக்கொண்டிருக்கும் காட்சியைத் திடீரென்று நிறுத்தி, அதை வண்ணச் சாக்கட்டியால் தீட்டிய ஓவியம்போல் மாற்றிவிடுவார். பின்னால் வந்தவர்கள் அதை எவ்வளவோ காப்பியடித்தும் அவருடையது மட்டும் பழசாகவில்லை; ‘இந்தக் கணத்தை இவன் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டான்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டுமே அவர் நிறுத்துவார் என்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

இதைக் கேட்டுவிட்டு, கான்செப்ட் இருந்தால் நிலைக்கும் என்று எழுதிவைத்துக்கொள்ளாதீர்கள். கான்செப்டும் பழசாகும். ‘டிராகன் பால் ஸீ’ தொடரை லிங்கின் பார்க் என்ற ராக் குழுவின் பாட்டோடு சேர்க்கும் யோசனை முதன்முதலில் ஒருவருக்குத் தோன்றியபோது அதில் ஏதோ பொருத்தம் இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் எண்ணற்ற பேர் அதையே செய்து ‘லிங்கின் பால் ஸீ’ என்பது ஒரு கேலிப்பெயராகவே ஆகிவிட்டது. இன்னொரு பக்கம், 2004இல் தொடங்கிய ‘ஏஎம்வி ஹெல்’ தொகுப்புகளில் ஒவ்வொரு துணுக்கும் சில நொடிதான். ஒரு காட்சி, ஒரு பாட்டு வரி, சிரிப்பு வந்ததும் அடுத்தது. அந்தத் துணுக்குகளில் எஃபெக்ட் ஏறக்குறைய இல்லை. யோசனையின் ஆயுள் எவ்வளவோ அவ்வளவுதான் வீடியோவின் நீளம் என்ற அந்த அடக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பத்து நொடி யோசனையை நான்கு நிமிடப் பாட்டுக்கு இழுக்கும்போதுதான் இடைவெளியை நிரப்ப க்ளோவையும் ஷேக்கையும் கூப்பிட வேண்டியிருக்கிறது.

நமக்கென்று தனியாக ஒரு சிக்கலும் உண்டு. தமிழில் ஏஎம்வி செய்பவர்கள் பெரும்பாலும் சினிமாப் பாட்டைத்தான் எடுக்கிறார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு முப்பது நொடி மாஸ் எடிட் என்றால் அது பொருந்தும். ஆனால் சினிமாப் பாட்டு தனியாக வருவதில்லை, தன் படத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அந்த நடிகர் நடந்துவந்த நடையும், வேட்டியை மடித்துக் கட்டியதும், தியேட்டரில் பறந்த காகிதமும் பார்ப்பவர் மனத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் வைக்கும் அனிமே முகம் அந்த முகத்தோடு போட்டியிட்டுத் தோற்கும். அமெரிக்க ரசிகருக்கு ஒரு ராக் பாட்டு பெரும்பாலும் வெறும் பாட்டுதான், நமக்குப் பாட்டே பாதி படம். இதைச் சிலர் சாதகமாக்கிக்கொள்ளவும் செய்கிறார்கள்: கோழையான ஒரு பாத்திரத்தின்மேல் நாயகனின் அறிமுகப் பாட்டைப் போட்டால், அந்த நடிகரின் நிழலே நகைச்சுவை ஆகிவிடுகிறது. நிழல் இருப்பதே தெரியாமல் செய்தால்தான் விபத்து.

இனி உங்கள் மாமா மகனின் வீடியோவுக்கு வருகிறேன், ஏனென்றால் அவர் இந்தச் சிக்கலை யாரும் சொல்லாமலே தாண்டியிருக்கிறார். அவர் எடுத்த பாட்டு சினிமாப் பாட்டு இல்லை. உங்கள் பகுதியில் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஒருவர் இறந்த இரவில், அவரிடம் பழகிய ஒருவர் சாவு வீட்டுப் பந்தலில் பாடிய மரண கானா அது. டோலக்கும் ஒரு சட்டியும் மட்டும் பக்கத்தில், யாரோ ஃபோனில் பதிவு செய்தது. அதை அவர் வைத்த இடம் ‘அஷிதா நோ ஜோ’ என்ற பழைய குத்துச்சண்டைத் தொடர், தெசாகி இயக்கி 1970இல் வந்தது. அதில் ரிகிஇஷி என்ற வீரன், தன்னைவிட எடை குறைந்த பிரிவில் இருக்கும் ஜோவோடு மோத வேண்டும் என்பதற்காகவே தண்ணீர்கூட இல்லாமல் உடம்பை வற்ற வைத்து, அந்தப் போட்டியில் வென்று, ஜோவுக்குக் கை கொடுக்க நீட்டும்போது சரிந்து இறந்துபோகிறான்.

இந்த வீடியோவை ஒரே வரியில் சொல்ல முடிகிறது: ஜப்பானில் விழுந்த ஒரு சாவுக்கு வியாசர்பாடி அழுகிறது. உங்கள் மாமா மகனுக்குத் தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது, ரிகிஇஷி இந்தத் தொடருக்கு மூலமான மங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில், இறந்தபோது, 1970 மார்ச் 24 அன்று, தோக்கியோவில் அவனுக்கு உண்மையாகவே ஓர் இறுதிச் சடங்கு நடந்தது. அந்தத் தொடரின் தொடக்கப் பாட்டை எழுதிய கவிஞர் ஷூஜி தெராயாமா முன்னின்று நடத்த, அந்த மங்காவை வெளியிட்ட கோதான்ஷா நிறுவனத்தின் கட்டடத்தில் ஏறத்தாழ 700 பேர் கூடி, காகிதத்தில் மட்டுமே வாழ்ந்த ஒருவனுக்கு அஞ்சலி செலுத்தினார்கள். அங்கே இல்லாமல் போனது கானா ஒன்றுதான். ஐம்பது ஆண்டு தாமதமாக அது போய்ச் சேர்ந்திருக்கிறது.

பொருத்தம் அதோடு நிற்கவில்லை. ஜோ வாழ்வது தோக்கியோவின் கூலித் தொழிலாளர் குடியிருப்பில். அங்கே நமிதாபாஷி, அதாவது கண்ணீர்ப் பாலம், என்று ஒரு பாலம் வருகிறது. வாழ்க்கையில் தோற்றவர்கள் அழுதுகொண்டே கடந்து வந்த பாலம் என்று கதையில் ஜோவின் வாத்தியார் சொல்கிறார், அதே பாலத்தின் அடியில்தான் குத்துச்சண்டைக் கூடத்தையும் வைக்கிறார். கானாவில் ‘பேசின் பிரிட்ஜைத் தாண்டிப் போறியா வாத்தியாரே’ என்ற பொருளில் ஒரு வரி வருகிறது; சரியாக அந்த இடத்தில் உங்கள் மாமா மகன் அந்த ஜப்பானியப் பாலத்தை வைத்திருக்கிறார், வேறு எதையும் வைக்கவில்லை. பாலத்துக்குப் பாலம் காட்டினால் பொழிப்புரை என்று மேலே நானே சொன்னேன். இங்கே அது பொழிப்புரையாகவில்லை: பாட்டிலிருக்கும் பாலம் சுடுகாட்டுக்குப் போகும் வழி, படத்திலிருக்கும் பாலம் பிழைக்க வந்த வழி. ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் போகும் இரண்டு பாலங்கள். அந்த இரண்டு நொடியைப் பார்த்தபோது நாற்காலியில் சாய்ந்திருந்த நான் எழுந்து உட்கார்ந்தேன்.

‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தின் எடிட்டர்களில் ஒருவரான வால்டர் மர்ச், எங்கே வெட்ட வேண்டும் என்பதற்கு ஆறு அளவுகோல் வைத்து, ஒவ்வொன்றுக்கும் எடையும் போட்டிருக்கிறார்: உணர்ச்சிக்கு 51 விழுக்காடு, கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்வையின் ஓட்டத்துக்கு 7, எஞ்சியவை திரையின் தளத்துக்கும் காட்சியின் வெளிக்கும். பாட்டின்மேல் வெட்டுகிற நமக்குத் தாளத்தின் பங்கு இன்னும் அதிகம் என்றே நான் சொல்வேன். ஆனாலும் எவ்வளவு கூட்டினாலும் அது முதலிடத்துக்கு வராது. நொடிக்கு 24 ஃப்ரேமில், நிமிடத்துக்கு 120 பீட் ஓடும் பாட்டு என்றால் 12 ஃப்ரேமுக்கு ஒரு பீட். நீங்கள் அந்தப் பன்னிரண்டாவது ஃப்ரேமில் ஒவ்வொரு முறையும் தவறாமல் வெட்டியிருக்கிறீர்கள். பத்தாவது கட்டிலேயே பதினொன்றாவது எங்கே விழும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் மாமா மகனின் இரண்டரை நிமிடத்தில் மொத்தம் பத்தொன்பதே கட். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடங்களில் வெட்டியிருக்கிறார், தட்டு விழும் இடங்களில் விட்டுவிட்டார். அது தெரிந்து செய்ததா தெரியாமல் நடந்ததா என்று அவரையே கேட்டுச் சொல்லுங்கள்.

அந்த வீடியோவில் குறை இல்லாமல் இல்லை, உங்கள் மூன்று வாரப் படிப்பு பயன்பட வேண்டிய இடமும் அதுதான். தொடர் நாலுக்கு மூன்று அளவில் எடுக்கப்பட்டது. அவர் அகலத் திரைக்கு இழுத்துவிட்டதால், பட்டினி கிடந்து வற்றிப்போன ரிகிஇஷியின் முகம் உப்பலாகத் தெரிகிறது. வேறு எந்தக் காட்சியில் பொறுத்துக்கொண்டாலும் இதில் பொறுக்க முடியாது, அவன் மெலிவதுதானே கதை. ஃபோன் செயலி 24 ஃப்ரேம் காட்சியை 30 ஃப்ரேமுக்கு மாற்றும்போது நான்குக்கு ஒன்றை இரட்டித்திருக்கிறது, அதனால் பாலத்தின்மேல் கேமரா நகரும் இடம் விக்கி விக்கி நகர்கிறது; டைம்லைனை நொடிக்கு 23.976 ஃப்ரேமில் (நாம் 24 என்று சொல்வது நடைமுறையில் இதுதான்) வைத்து மறுபடி அடுக்குங்கள். காட்சியிலேயே பதிந்துவிட்ட ஆங்கில சப்டைட்டில் ஐந்து இடங்களில் இருக்கிறது. அவற்றில் மூன்றில் பின்னணி ஓவியம் அசைவதே இல்லை, எனவே சப்டைட்டில் வராத ஃப்ரேமிலிருந்து அந்தப் பகுதியை எடுத்து மாஸ்க் போட்டு மூடிவிடலாம். மற்ற இரண்டில் கையிலேயே ஃப்ரேம் ஃப்ரேமாக வரைய வேண்டும். நீங்கள் க்ளோவுக்காகப் பழகிய அதே மாஸ்க்தான், ஆனால் இம்முறை நீங்கள் வேலை செய்ததே யாருக்கும் தெரியக் கூடாது.

கடிதத்தின் முடிவில், அந்த வீடியோவின் கடைசிக் காட்சி மெல்ல வெளுத்து வெள்ளையாகக் கரைவதுபோல் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வெள்ளைச் சாம்பலாக எரிந்து முடிவது ஜோவின் முடிவு, அது கதையில் வெகு தூரம் தள்ளி வருகிறது; ரிகிஇஷிக்கு அதைக் கொடுத்தால் தொடரை அறிந்தவர்களுக்கு உறுத்தும், அறியாதவர்களுக்கு அது இன்னொரு ஃபேட். அவர் வைத்திருப்பதுபோல் ஆளில்லாத பயிற்சிக் கூடத்திலேயே முடியட்டும். அந்தக் கட் மட்டும் இப்போது மூன்று ஃப்ரேம் தாமதமாக விழுகிறது. டோலக் நின்று பாடுகிறவர் மூச்சை உள்ளே இழுக்கும் ஓசை தொடங்கும் ஃப்ரேமுக்கு அதை நகர்த்துங்கள். ஒலியைத் துப்புரவாக்கும்போது இரைச்சலைக் கொஞ்சம் குறைக்கலாம், ஆட்டோவின் ஹாரனை எடுத்துவிடலாம். பாட்டு முடிந்தபின் தெருமுனையில் ஒரு நாய் குரைக்கிறது, அதை எடுத்துவிடாதீர்கள்.